கரிச்சாக்கோட வந்த மகராசன்

ஒரு ஊர்ல ஒரு சமையக்காரன் இருந்தான். கால மடக்கு டெல்பி, போர்வையப் பூரா நீயே சுருட்டிக்கிட்டா அத்தைக்கு எங்க இருக்கு? ஆங். ஒரு ஊர்லன்னா எந்த ஊரும் இல்ல, நம்ம தூத்துக்குடிதான். கப்பல்ல சமைக்கிறவனுக்குப் பண்டாரின்னு பேரு. அந்தப் பண்டாரி பேரு இஞ்ஞாசி. நல்ல கறுப்பு. நம்ம வீட்டு தோசைக்கல்லு இருக்குல்ல, அதவிட ஒரு சுத்து கூட. தலைமுடியும் கருகருன்னு சுருட்டையா இருக்கும். ம் கொட்டு, நீ ம் கொட்டலன்னா எனக்குக் கதை வராது.

ம்.

அவன் பொறந்த அன்னைக்குக் கடலுக்குப் போன அவங்க அப்பா திரும்பி வரல. அதுக்குப் பச்சப்புள்ள என்னட்டி பண்ணும்? ஆனா கடற்கரையில எல்லாரும், "இந்தப் பய முகத்துல முழிச்சா வலையில ஒரு சாளைகூட விழாது"ன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. காலையில படகு தள்ளுற நேரம் அவன் எதுக்க வந்தா காறித் துப்பிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போவாங்க, ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு மறுபடி வருவாங்க. அதனால அவனே என்ன பண்ணுவான், படகு போற நேரம் வந்தா சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்குவான். சின்ன வயசுலேருந்து அப்படி நின்னு நின்னு பழகிட்டான். எனக்கு அந்தக் கடற்கரை ஆளுங்கள நெனச்சாலே இப்பவும் பத்திக்கிட்டு வரும்.

அப்புறம் அவன் பெரியவனானதும் சரக்குக் கப்பல்ல ஏறிட்டான். கப்பல்ல யாரும் அவன் மூஞ்சியப் பாக்கல, அவன் வைக்கிற மீன் குழம்பத்தான் பாத்தாங்க. காலையில காப்டன்லேருந்து எல்லாரும் தட்டத் தூக்கிக்கிட்டு அவன் முகத்துலதான் முழிப்பாங்க. உலகத்துல அவனுக்குன்னு இருந்த ஒரே இடம் அந்தக் கப்பல்தான். அத நல்லா ஞாபகம் வெச்சுக்க.

ம்.

அப்போ அந்தக் கப்பல் ஸ்காட்லாந்துன்னு ஒரு குளிர் தேசத்துக்குப் போச்சு. போற வழியில புயலு. ஹோ...ன்னு காத்து, தடால் தடால்னு அலை. ஒரு அலை சமையல்கட்டுக்குள்ளயே நேரா வந்துட்டு. அது டீசல் கப்பல், ஆனா அடுப்பு மட்டும் கரி அடுப்பு. கரியெல்லாம் நனைஞ்சு சொதசொத. உப்பெல்லாம் கரைஞ்சு கடலோட போச்சு. மூணு நாளா எல்லாரும் காஞ்ச ரொட்டியக் கடிச்சிட்டுக் கெடந்தாங்க, கடுக்கு முடுக்குன்னு.

அப்புறம் ஒரு சின்ன மீன்பிடி ஊர்ல கப்பல் கொஞ்ச நேரம் நின்னுச்சு. காப்டன் சொன்னாரு, "இஞ்ஞாசி, ஓடிப் போயி கரியும் உப்பும் வாங்கிட்டு வா. கடல்தண்ணி உள்வாங்குறதுக்குள்ள கெளம்பணும். மூணு வாட்டி சங்கு ஊதுவேன். மூணாவது சங்குக்கு ஏணியத் தூக்கிருவேன். யாருக்காகவும் நிக்க மாட்டேன்."

"இந்தா வந்துட்டேன் சார்"ன்னு இஞ்ஞாசி ஓடுனான்.

ஊருல ஒரே தெரு. கீழ துறைமுகம், மேல மேட்டுல கடை. பகல் பத்து மணி இருக்கும். ஆனா தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. எல்லாக் கதவும் சாத்திக் கெடக்கு. பனி மட்டும் அரிசிப்பொரி கொட்டுன மாதிரி விழுது. கடையும் சாத்தித்தான் இருந்துச்சு. இவன் பின்பக்கமாப் போயி ஜன்னலத் தட்டுனான். உள்ள ஒருத்தன் தலையோட போர்வையப் போத்திக்கிட்டு, இவன நிமிந்துகூடப் பாக்காம, ஒரு சாக்குக் கரியும் ஒரு பொட்டலம் உப்பும் வெளிய தள்ளிட்டு ஜன்னலச் சடார்னு சாத்திட்டான். இஞ்ஞாசிக்கு ஒண்ணும் வெளங்கல. என்ன ஊருடா இது, செத்த ஊரான்னு நெனச்சான்.

செத்த ஊரு இல்ல டெல்பி. அன்னைக்கு ஜனவரி ஒண்ணு. அந்த ஊர்ல ஒரு வழக்கம். வருசம் பொறந்ததும் வீட்டு வாசப்படிய மொதல்ல மிதிக்கிற ஆளு கறுப்பு முடிக்காரனா இருக்கணும். கையில கரியும் உப்பும் கொண்டு வரணும். அப்படி வந்தா வருசம் பூரா அடுப்பு அணையாது, வலை நெறையும். செம்பட்ட முடிக்காரன் மிதிச்சா போச்சு. ஆனா அந்த ஊர்ல எல்லாத் தலையும் செம்பட்டை, மஞ்சள், வைக்கோல் நெறம். கறுப்பு முடிக்காரர் ஒரே ஒருத்தர்தான் இருந்தாரு, பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கும் மாத்தலாகிப் போச்சு. அதனால ஊரே கதவச் சாத்திக்கிட்டு, வெளியவும் போகாம, யாரையும் உள்ளயும் விடாம, ஜன்னல் திரைக்குப் பின்னால ஒத்தக் கண்ண வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. யாராவது வர மாட்டானான்னு.

அந்த நேரம் பாத்து மேட்டுலேருந்து எறங்கி வாரான் நம்ம ஆளு. கறுப்பு முடி. கறுப்பு மூஞ்சி. தலையில கரிச் சாக்கு. கையில உப்புப் பொட்டலம்.

எப்படி இருக்கும்?

"ஹிஹி."

சிரிக்காத, தூக்கம் போயிரும். மொத வீட்டுக் கதவு கிரீச்... டூகல்னு ஒருத்தன், தாடி மட்டும் ஒரு தொடப்பம் நீளம். இஞ்ஞாசியப் பாத்தான். கண்ணக் கசக்கிட்டு மறுபடி பாத்தான். "ஆ...!"ன்னு ஒரு கத்து. அம்புட்டுத்தான், இவன் கையப் புடிச்சு விருக்குன்னு உள்ள இழுத்துட்டான். கதவு டமால். உள்ள எட்டுப் பேரு. ஒருத்தி சாக்கப் புடுங்குனா. ஒருத்தன் அதுலேருந்து ஒரு கரிக்கட்டிய எடுத்து அடுப்புல போட்டான், சடசடசட. இன்னொருத்தி உப்புப் பொட்டலத்தப் பிரிச்சு ஒரு கிள்ளு எடுத்துத் தலையச் சுத்துனா. இஞ்ஞாசி, "ஐயோ, அது கப்பல் கரி! கப்பல் உப்பு!"ன்னு கத்துறான். யாருக்குப் புரியும்? கொள்ளக்காரங்க கையில மாட்டிக்கிட்டோம்னு நெனச்சான். ஆனா கொள்ளக்காரன் வாயில கேக்கத் திணிப்பானா? கறுப்பா, ஈரமா, உலர்ந்த திராட்சை போட்ட கேக்கு. எட்டுப் பேரும் முதுகுல தட்டுதாங்க, தொம் தொம்னு. மூலையில ஒரு கிழவன் காதப் பொத்திக்கிட்டு, "ஸ்டூஷி, ஸ்டூஷி"ன்னு முணங்குனான்.

அப்படின்னா என்னன்னா, வீட்டுக்குள்ள நடக்குற அமளி. நாம ரகளை, கலாட்டா, கும்மாளம்னு சொல்லுதோம்ல, அந்த ஊர்க்காரங்க சத்தப் பிரியனுங்க, ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனியா ஒரு பேரு வெச்சிருக்காங்க. இஞ்ஞாசிக்கு அதெல்லாம் எங்க தெரியும்? அடிக்கப் போறாங்களா கொஞ்சப் போறாங்களான்னே தெரியல. சாக்கையும் பொட்டலத்தையும் புடுங்கிக்கிட்டு வெளிய பாஞ்சான்.

பூம்ம்ம்ம்...

அது என்ன?

சங்கு.

எத்தனாவது சங்கு?

மொதோ சங்கு.

கெட்டிக்காரி. தூங்கலையா இன்னும்? சரி. வெளிய வந்தா தெரு நெறைய ஆளு! டூகல் வீட்டுக்கு மட்டும் எப்படிப் போகலாம்னு ஊரே எறங்கிட்டு. எல்ஸ்பெத்னு ஒரு பெரியம்மா, நம்ம மாதா கோயில் தூணு மாதிரி ஆளு, இவன் வலது கையப் புடிச்சா. எதுத்த வீட்டுக்காரன் இடது கையப் புடிச்சான். அவ இந்தப் பக்கம் இழுக்க, அவன் அந்தப் பக்கம் இழுக்க, சட்டக் கை டர்ர்ர். எல்ஸ்பெத் தரப்புல பத்துப் பேரு, அவன் தரப்புல பத்துப் பேரு. தொப்பி பறக்குது, செருப்பு பறக்குது. "ஸ்ட்ரமாஷ்! ஸ்ட்ரமாஷ்!"ன்னு கொண்டாட்டமாக் கத்துதாங்க. அது தள்ளுமுள்ளுக்குப் பேரு. சும்மா சொல்லக்கூடாது, கேக்கும்போதே முட்டி பேந்த மாதிரி இல்ல?

அப்போ டூகல் வீட்டுல இவன் சட்டப்பையில திணிச்சு விட்ட கேக்குத் துண்டு கீழ விழுந்துச்சா, ஊர் நாயி பூரா வந்துட்டு. வள் வள் வள், லொள் லொள், உர்ர்ர். அதுக்கும் ஒரு பேரு வெச்சிருக்காங்க பாரு, கொல்லிஷாங்கி. நாய்ச்சண்ட மாதிரி ஒரு களேபரம். சொல்லிப் பாரு.

கொல்லி... ஷாங்கி.

ம். இஞ்ஞாசி நடுவுல நின்னு ரெண்டு கையையும் கூப்பிக் கும்புடப் பாக்கான், கைதான் இவன்கிட்ட இல்லியே, ஆளுக்கொண்ணு வெச்சிருக்காங்க. "நான் என்ன தப்புப் பண்ணேன்? இங்கயும் எம்மூஞ்சி ஆகலையா?"ன்னு அழுதே போட்டான்.

அப்புறம் எல்ஸ்பெத் ஜெயிச்சா. அவனத் தூக்காத குறையா வீட்டுக்குள்ள கொண்டு போனா. இவன் கண்ண மூடிக்கிட்டான், அடி விழப் போகுதுன்னு. அடி விழல. அந்தப் பெரியம்மா அவன் கையில இருந்த கரித்தூசியத் தொட்டுத் தன்னோட நெத்தியில வெச்சுக்கிட்டா. நாற்காலி போட்டா. சூடா சூப்பு குடுத்தா. ஒரு கரிக்கட்டி அவ அடுப்புக்குப் போச்சு. திருடனப் புடிக்கிற மாதிரி இழுத்துட்டு வந்து, மாப்பிள்ளைய உக்கார வெக்கிற மாதிரி உக்கார வெக்கிறாங்க. பைத்தியம் அவனுக்குப் புடிச்சிருக்கா அந்த ஊருக்குப் புடிச்சிருக்கான்னு யோசிச்சு யோசிச்சு இஞ்ஞாசிக்குத் தலை சுத்திட்டு.

அப்புறம் எதுத்த வீடு. அதுக்கு அடுத்த வீடு. எத்தன வீடுன்னு எனக்கும் தெரியாது, கரிதான் கொறைஞ்சுக்கிட்டே வருது. ஒருத்தன் பிடில எடுத்து கிய்யா கிய்யான்னு இழுத்தான். உடனே தெருவே ஆடுது. அதுக்குப் பேரு கேய்லி. பாட்டும் ஆட்டமுமாக் கூடுறது. ஆட்டம் முத்திப்போயி தலைகீழாப் போனா ஹூலி. டூகல் ஹூலிக்குப் போயிட்டான், தாடியில பனியோட. இஞ்ஞாசியையும் இடுப்பப் புடிச்சுச் சுத்துதாங்க, கிர்ருன்னு.

பூம்ம்ம்ம்...

ரெண்டு.

ரெண்டேதான். இஞ்ஞாசி சாக்குக்குள்ள கையவிட்டுப் பாத்தான். ஒரே ஒரு கரிக்கட்டி. பொட்டலத்துல ஒரு கிள்ளு உப்பு. கப்பல்ல பதினாறு பேரு சுடுசோத்துக்கு ஏங்கிட்டு இருக்காங்க, இவன் கையில கோழிமுட்ட அளவுக்குக் கரி. எல்லாரையும் ஒதறிட்டுத் துறைமுகத்தப் பாத்து ஓடுனான். ஊரு பூரா பின்னாலயே ஓடுது, பிடிலு, நாயி, எல்லாம்.

அப்போ கடல் ஓரமாக் கடைசி வீடு. சின்ன வீடு. அதுக்கு முன்னால ஒரு பொண்ணு வலை பின்னிக்கிட்டு நின்னா. கிர்ஸ்டின்னு பேரு. கூட்டம் வர்றதப் பாத்ததும் அவ என்ன பண்ணா தெரியுமா? முக்காட்ட இழுத்துத் தலைய மூடிக்கிட்டு, வெடுக்குன்னு சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டா.

பிடிலு நின்னு போச்சு. எல்ஸ்பெத் இஞ்ஞாசி தோளப் புடிச்சு அந்தப் பக்கமாத் திருப்புனா. கிர்ஸ்டிய ஜாடையில காட்டி, தன்னோட முடியத் தொட்டுக் காட்டி, படகக் காட்டி, கைய இல்ல இல்லன்னு ஆட்டுனா. கிர்ஸ்டி முக்காட்டுக்கு வெளிய ஒரு கத்த முடி தெரிஞ்சுது. செக்கச் செவேர்னு, செம்பருத்தி நெறம். அந்த ஊர் மீன்காரங்களுக்குச் செவத்த முடிப் பொம்பள எதுக்க வந்தா ஆகாதாம். கடலுக்கே போக மாட்டாங்களாம்.

இஞ்ஞாசி அப்படியே நின்னுட்டான். அந்த நிப்பு அவனுக்குத் தெரியும் டெல்பி. சுவத்துல மூக்கு ஒரசுற மாதிரி, தோளக் குறுக்கிக்கிட்டு, எப்படா இவங்க தாண்டிப் போவாங்கன்னு நிக்கிற நிப்பு. எனக்கும் தெரியும். உங்க மாமா போனதுக்கப்புறம் கல்யாண வீட்ல என்னையும் தூணுக்குப் பின்னாலதான் உக்கார வெச்சாங்க. அது கெடக்கட்டும்.

ம்.

அப்பத்தான் அவனுக்குச் சன்னமாப் புரிய ஆரம்பிச்சுது. இவங்க அடிக்க வரல. இவன் மூஞ்சிக்குத்தான் இம்புட்டு அடிதடி! இவன் முகத்துல முழிக்கத்தான் சட்டையக் கிழிச்சிருக்காங்க! புரிஞ்சதும் இன்னும் கொழப்பம் ஜாஸ்தியாப் போச்சு. அதே மூஞ்சிதானே? வர்ற வழியில மாத்திக்கிட்டா வந்தான்? அங்க காறித் துப்புனாங்க, இங்க கேக்கு ஊட்டுதாங்க. அந்தப் பொண்ணு அவங்க அம்மா வயித்துலேருந்து அந்த முடியோடதானே வந்தா? எந்த ஊரு சரி? யோசிச்சான், யோசிச்சான், பிடிபடல. எனக்கும் இன்னைக்கு வரைக்கும் பிடிபடல.

பூம்ம்ம்ம்...

...மூணு! அத்தை, மூணு! ஓடச் சொல்லு!

ஓடுனான். ரெண்டு எட்டு ஓடுனான். அப்புறம் நின்னான். கப்பலப் பாத்தான், கையில இருந்த கரியப் பாத்தான். அப்புறம் சட்டுன்னு திரும்பி அந்தச் சின்ன வீட்டு வாசப்படிய மிதிச்சு உள்ள போயிட்டான். "ஐயையோ"ன்னு ஊரே கத்துச்சு. அடுப்பு அணைஞ்சு கெடந்துச்சு. அவன் குனிஞ்சு ஊதி ஊதி, ஃபூ... ஃபூ..., அந்தக் கடைசிக் கரியப் போட்டுப் பத்த வெச்சான். மேசையில அந்த ஒரு கிள்ளு உப்ப வெச்சான். வெளிய வந்தா கிர்ஸ்டி இன்னும் சுவத்தத்தான் பாத்துக்கிட்டு நிக்கா. தலைய ஆட்டுதா, வேண்டாம், போயிரு, எம்மூஞ்சியப் பாக்காதன்னு. இவன் அவளுக்கும் சுவத்துக்கும் நடுவுல போயி நின்னுக்கிட்டு, தமிழ்லயே சொன்னான்.

"என்னப் பாரும்மா. ஒண்ணும் ஆகாது."

அவ பாத்தா. அழுதுக்கிட்டே பாத்தா.

அப்புறம் திரும்புனா, ஏணியத் தூக்கியாச்சு. கப்பல் கரைய விட்டு நகந்துட்டு. இஞ்ஞாசி துறைமுகத்து விளிம்பு வரைக்கும் ஓடுனான். "சார்! காப்டன் சார்!" காத்துல யாருக்குக் கேக்கும்? அப்படியே பனியில உக்காந்துட்டான். போச்சு. அவனுக்குன்னு இருந்த ஒரே இடம் அந்தா மெதக்குது, தூரமாப் போகுது. தலையில கைய வெச்சுக்கிட்டு, அம்மா அம்மான்னு அழுதான்.

ஊருக்காரங்க திருதிருன்னு முழிக்காங்க. வருசத்த வாழ வைக்க வந்த ஆளு அழுதா என்ன பலன்? யாருக்கும் தெரியல. அப்படி ஒண்ணு இதுக்கு முன்ன நடந்ததே இல்ல.

அப்போ சரசரன்னு ஒரு சத்தம். கிர்ஸ்டி. கவுத்துப் போட்டிருந்த அவங்க அப்பா படக நிமித்தி, தண்ணியில தள்ளிட்டா. அத யாரும் தொட விட்டதே இல்ல அவள. இஞ்ஞாசியப் பாத்து வான்னு கையக் காட்டுனா. இவன் ஒரே தாவு. அவ துடுப்பப் போட ஆரம்பிச்சா, சளக் பிளக், சளக் பிளக். முக்காடு காத்துல பறந்து போச்சு. புடிக்கவே இல்ல அவ.

கரையில இப்பத்தான் நிஜக் கொழப்பம். டூகல் தாடியச் சொறியுறான். "அதிர்ஷ்டம் வந்துச்சு. ஆகாதவளும் வந்தா. ரெண்டு பேரும் ஒரே படகுல போறாங்களே, இப்ப நாம என்னன்னு எடுத்துக்க?" ஒருத்தன் நல்லதுங்கான். ஒருத்தன் கெட்டதுங்கான். ஒருத்தன் பாதி நல்லதுங்கான். வழக்கத்துல இதுக்கு வழியே இல்லியே!

எல்ஸ்பெத் பெரியம்மாதான் கத்துனா. "நம்ம எல்லார் அடுப்புலயும் அவன் கரி எரியுது. அவன் அடுப்பு அணைஞ்சு போயி நிக்குது. நின்னு பேசிக்கிட்டே இருங்கடா, வெக்கங்கெட்டவங்களா!" வீட்டுக்குள்ள ஓடிப் போயி ஒரு கூடக் கரியத் தூக்கிக்கிட்டு, ஒரு படகுல தொபுக்கடீர்னு குதிச்சா. படகு பாதி முங்கி எந்திரிச்சுது. அவ்வளவுதான். டூகல் குதிச்சான், பிடில்காரன் குதிச்சான், நாயிங்க குதிச்சுது. வீட்டுக்கு ஒரு கூட கரி. ஊர்ப் படகு பூரா கடல்ல. எல்லாத்துக்கும் முன்னால செவத்த முடி பறக்க கிர்ஸ்டி. அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் அத்தன பேரும் பின்னால வந்தாங்க, வேற வழி? அவதானே துடுப்பப் புடிச்சு இவங்களப் பாத்தாப்புல உக்காந்திருக்கா!

தூங்கிட்டியா?

ம்ஹூம்...

அப்போ காப்டன் தொலைநோக்கில பாத்தாரு. இருபது படகு தொரத்திக்கிட்டு வருது. கத்துதாங்க, பாடுதாங்க, குலைக்குது, பிடிலு கேக்குது. கொள்ளக்காரங்களா, கல்யாணக்காரங்களா? அவருக்கும் ஒண்ணும் வெளங்கல, கப்பல நிறுத்திட்டாரு. கயித்து ஏணி எறங்குச்சு. கூட கூடையாக் கரி ஏறுச்சு. கடைசியா கிழிஞ்ச சட்டையோட இஞ்ஞாசி ஏறுனான். கீழ கிர்ஸ்டி ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு நிக்கா, அவளச் சுத்தி ஊரே நிக்குது. ஓ...ன்னு ஒரு சத்தம்.

காப்டன் கேட்டாரு, "இஞ்ஞாசி, என்னடா சத்தம் அது? சண்டையா, திருவிழாவா?"

இஞ்ஞாசி யோசிச்சான். ஸ்டூஷியா? ஸ்ட்ரமாஷா? கொல்லிஷாங்கியா? அவனுக்கு ஒண்ணும் தெரியல. மூஞ்சியத் திருப்பாம, அத்தன பேரையும் நேராப் பாத்துக்கிட்டே சொன்னான்.

"என்ன சத்தம்னு தெரியல சார். ஆனா எனக்காகப் போடுதாங்க."

அம்புட்டுத்தான்டி. கப்பல் கெளம்பிருச்சு, கதையும் கெளம்பிருச்சு. நீயும் கண்ண மூடிக் கெளம்பு.

...ம்.